சத்தம் காணும், சொல் விளங்க வேண்டும்: ஒலிக்கருவி உருவாக்கத்தில் உற்பத்திப் பொருள் முகாமையாளரின் வேலையைச் செய்வது எப்படி

பரந்தனுக்கு அப்பால் ஒரு கோயில் திருவிழாவில், பல வருடங்களாக ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுவரும் ஒரு பெரியவரிடம், நாங்கள் புதிதாகச் செய்த பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உபயகாரரின் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுவதைச் சற்று நேரம் நின்று கேட்ட அவர், “சத்தம் காணும் தம்பி, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்றார். சத்தம் போதும், சொல்தான் புரியவில்லை என்பது அவர் சொன்னது. ஒலிக்கருவி உருவாக்கும் குழுவில் உற்பத்திப் பொருள் முகாமையாளருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், நான் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குவேன். இதைக் கெடாமல் எடுத்துச் சென்று, அளந்து பார்க்கக்கூடிய எண்களாக்கிப் பொறியியலாளரின் மேசையில் வைப்பதும், அந்த எண்களின்படி செய்யப்பட்ட பெட்டியைத் திரும்பவும் அதே பெரியவரின் முன்னால் கொண்டுவந்து வைப்பதுமே அவருடைய வேலை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளியேறும் இளைஞர்களும், வன்னியின் சந்திகளில் அம்பிளிபயர் திருத்தும் கடை வைத்திருப்பவர்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு கருவியைச் செய்து விற்க முயன்றால், அந்தக் குழுவில் இந்தப் பொறுப்பை ஏற்பவருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்கும்: பாடசாலை மைதானம், ஆலய வீதி, சனசமூக நிலையம், கமக்கார அமைப்பின் கூட்டம் ஆகியவற்றில் பேச்சு விளங்கக் கேட்பதற்கான, பற்றரியில் இயங்கும், ஒருவரால் தூக்கிச் செல்லக்கூடிய ஒலிபெருக்கிப் பெட்டி.

முதலில் பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உற்பத்தி முகாமையாளர் தொழிற்சாலையை நடத்துபவர். அன்றைக்கு எத்தனை பெட்டி முடிந்தது என்பது அவருடைய கவலை. உற்பத்திப் பொருள் முகாமையாளர், அதாவது பேச்சில் நாம் ‘புரொடக்ட் மனேஜர்’ என்பவர், எந்தப் பெட்டியைச் செய்வது, யாருக்குச் செய்வது, என்ன விலைக்குச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றுக்குப் பதில் சொல்பவர். 1931 இல் அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியில் நீல் மக்எல்ரோய், சவர்க்கார வகை ஒன்றின் விற்பனை முழுவதற்கும் தனியாக ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று எழுதிய குறிப்பையே இந்தப் பதவியின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்வார்கள். அன்றுதொட்டு இன்றுவரை இப்பதவியின் சங்கடம் ஒன்றுதான்: பொறுப்பு முழுவதும் உண்டு, கட்டளையிடும் அதிகாரம் இல்லை. ஒலியியல் பொறியியலாளரும் இலத்திரனியல் பொறியியலாளரும் பெட்டி செய்யும் தச்சரும் உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்லர். உங்கள் சொல்லை அவர்கள் ஏற்பதற்கு, உங்கள் கையில் உள்ள ஆதாரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

கடைசி வரிசையில் நிற்றல்

தமிழில் கேட்டல் என்ற சொல்லுக்குச் செவியால் கேட்பது, கேள்வி கேட்பது என்று இரு பொருள் உண்டு. இந்த வேலையின் முதல் இரண்டு மாதங்களும் அந்த இரண்டிலேயே போக வேண்டும். அதிலும் செவிக்கே முதலிடம். தை, மாசி மாதங்களில் பாடசாலைகளில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போய், மேடைக்குப் பக்கத்தில் அமராமல், மைதானத்தின் கடைசி வேலியோரம் நின்று, ஓட்டப் போட்டிக்கு அழைக்கப்படும் பெயர்களில் எத்தனை உங்களுக்கு விளங்குகின்றன என்று கொப்பியில் எழுதுங்கள். ஒலிபெருக்கிக்கும் அந்த இடத்துக்கும் இடையிலான தூரத்தைக் காலடியால் அளவுங்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, வயர் எத்தனை இடத்தில் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது, பெட்டி எந்த வாகனத்தில் வந்தது, எத்தனை பேர் தூக்கினார்கள், மைக் கூவத் தொடங்கியதும் முதலில் எந்தக் குமிழைத் திருகினார்கள் என்பவற்றை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்தில் இரவுக் கூத்து நடக்கும் மேடையில் இதே வேலையைச் செய்தால் வேறொரு பாடம் கிடைக்கும்: மேலே தொங்கும் மைக்குக்கு நேரே வரும்போது நடிகரின் குரல் எழும்பும், இரண்டு எட்டு அப்பால் போனதும் மத்தளம் அதை விழுங்கிவிடும்.

அதன் பின்னர்தான் கேள்வி. “உங்களுக்கு எப்படியான ஸ்பீக்கர் வேண்டும்?” என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் கடையில் கண்ட பெட்டியையே திருப்பிச் சொல்வார்கள், வாற்று எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். “போன முறை என்ன பிழைத்தது, அப்போது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் உண்மை வரும். ஆட்கள் தங்கள் கையால் செய்துகொண்ட மாற்று ஏற்பாடுகளைப் போல ஒரு முகாமையாளருக்குப் பயன்படும் தகவல் வேறில்லை. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வடக்கில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பார்த்த ஒருவருக்குத் தேவைப்பட்டியல் தானாகவே கிடைத்திருக்கும்: குறைந்த மின்வலு, ஏறி இறங்கும் வோல்ற்றளவைத் தாங்கும் சுற்று, செய்தி விளங்கும் அளவு ஒலி. இன்றைக்கு அதற்கு இணையானது உழவு இயந்திரத்தின் பற்றரியில் கிளிப் கொழுவி அம்பிளிபயரை இயக்குவது. அதைப் பார்த்தவுடன் உங்கள் கொப்பியில் இரண்டு வரி ஏற வேண்டும்: 12 வோல்ற் நேரடி உள்ளீடு வேண்டும், நேர், மறை முனைகளை மாற்றிக் கொழுவினாலும் பெட்டி எரியக் கூடாது. மாற்றிக் கொழுவாத ஒருவர் இருப்பார் என்று நம்பி எந்தப் பொருளையும் செய்ய வேண்டாம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தேவைகளும் உண்டு. பல அம்பிளிபயர்கள் ஆளியைப் போட்டவுடன் ஸ்பீக்கரில் ‘டும்’ என்று ஒரு அதிர்வைத் தரும். பொறியியலாளருக்கு அது சின்னக் குறை. வன்னியில் ஒரு மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைக் கண்ட பிறகு, ஆளி போட்டு இரண்டு செக்கனுக்குப் பின்னரே ஸ்பீக்கர் இணையும்படி ஒரு ரிலே வைக்கப்பட வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க முடியாத தேவைகளின் வரிசையில் சேர்த்தேன். ரிலேயின் விலை சொற்பம். அது ஏன் வேண்டும் என்பதை விளக்க அரை நாள் பிடித்தது.

சொல்லை எண்ணாக்குதல்

தேவைகளை எழுதும் ஆவணத்தில் “தெளிவான, சக்திவாய்ந்த ஒலி” என்று எழுதினால் அது ஆசையே தவிரத் தேவை ஆகாது. பெரியவரின் வாக்கியத்தை எப்படி எண்ணாக்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம். இந்தக் கணக்கு பொறியியலாளரின் வேலை என்று ஒதுங்கிக்கொள்ளும் முகாமையாளர், பின்னர் விலைப்பேச்சில் ஏமாறுவார்.

மைதானத்தின் கடைசி வரிசை ஒலிபெருக்கியிலிருந்து 40 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் ஆரவாரமும் காற்றும் சேர்ந்து அங்கே 60 டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு இரைச்சல் இருக்கிறது. பேச்சு அந்த இரைச்சலை விட 15 டெசிபெல் உயர்ந்து நின்றால் இரைச்சலால் வரும் இடைஞ்சல் ஏறத்தாழ நீங்கிவிடும். ஆகவே கடைசி வரிசையில் 75 டெசிபெல் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பதால், ஒரு மீற்றரிலிருந்து 40 மீற்றருக்குப் போகும்போது 32 டெசிபெல் இழக்கப்படும். எனவே பெட்டிக்கு முன்னால் ஒரு மீற்றரில் 107 டெசிபெல் தேவை.

இங்கேதான் ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண் வருகிறது. ஒரு வாற்று மின்வலு கொடுத்தால் ஒரு மீற்றரில் எத்தனை டெசிபெல் கிடைக்கும் என்பதே அது. மின்வலுவைப் பத்து மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் 10 டெசிபெல் கூடும். வீட்டுப் பாவனைக்கான சிறிய பெட்டி ஒன்று 87 டெசிபெல் தந்தால், 107 ஐ எட்ட இன்னும் 20 டெசிபெல், அதாவது 100 வாற்று வேண்டும். தொழில்முறைப் பாவனைக்கான 12 அங்குல ஸ்பீக்கர் அலகும் மேலே சிறு ஹோர்ணும் (ஒலியை முன்னோக்கிக் குவிக்கும் விரிந்த குழல்) கொண்ட பெட்டி 97 டெசிபெல் தந்தால், அதே வேலையை 10 வாற்று முடித்துவிடும். பேச்சில் திடீரென எழும் உச்சங்களுக்கு இன்னும் 10 டெசிபெல் இடம் விட வேண்டும்; ஆகவே முதலாவதற்கு 1,000 வாற்று அம்பிளிபயரும் இரண்டாவதற்கு 100 வாற்று அம்பிளிபயரும் தேவைப்படும். முதலாவது பெட்டியில் ஸ்பீக்கரை அசைக்கும் சிறிய கம்பிச் சுருள் அந்த வெப்பத்தைத் தாங்காது என்பது வேறு கதை.

இதே வித்தியாசம் பற்றரிக்கும் போகும். மின்வலுவைக் குறைவாக வீணாக்கும் ‘டீ’ வகை (Class D) அம்பிளிபயர் நடைமுறையில் 80 சதவீத வினைத்திறனில் இயங்குகிறது என்றும், மற்றச் சுற்றுகளுக்கு 7.5 வாற்று போகிறது என்றும் எடுத்தால், இரண்டாவது பெட்டி மணித்தியாலத்துக்கு 20 வாற்று மணியும், முதலாவது 132 வாற்று மணியும் எடுக்கும். ஐந்து மணித்தியாலக் கூட்டத்துக்கு ஒன்றுக்கு 100 வாற்று மணி, மற்றதற்கு 660. 12.8 வோல்ற், 12 அம்பியர் மணி கொண்ட ஒரு இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியில் ஏறத்தாழ 154 வாற்று மணி இருக்கிறது. இரண்டாவது பெட்டிக்கு அது தாராளம். முதலாவதற்கு அதைப் போல நான்கைந்து வேண்டும், அவற்றைச் சுமக்க இன்னொரு ஆளும் வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைவில் வைத்திருக்கும் எந்த வாங்குபவரும் இந்தக் கணக்கின் பெறுமதியை உடனே உணர்வார்.

ஆகவே ஆவணத்தில் எழுத வேண்டியது இவ்வாறு அமையும்: ஒரு மீற்றரில் 107 டெசிபெல் சராசரி, 117 டெசிபெல் உச்சம், ஒருமுறை ஏற்றினால் ஐந்து மணித்தியாலம், பற்றரியுடன் சேர்த்து ஒருவர் தூக்கக்கூடிய நிறை. சொல் எவ்வளவு விளங்குகிறது என்பதை அளக்க, பேச்சுக் கடத்தல் சுட்டி என்ற அளவு இருக்கிறது. ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60268-16 நியமத்தின்படி பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே அளக்கப்படும் இச்சுட்டி, பொது அறிவித்தல்களுக்குப் பெரும்பாலும் 0.5 ஆவது இருக்க வேண்டும் என்று கொள்ளப்படுகிறது. “சொல்லுத்தான் விளங்கேல்லை” என்பதன் எண் வடிவம் அதுதான். இப்போது பொறியியலாளர் உங்களோடு வாதாட முடியும். வாதாடக்கூடிய தேவையே நல்ல தேவை.

கடையில் விற்பதற்கு வாற்று எண்ணிக்கைதான் பேசும் என்பதை நான் மறுக்கவில்லை. பி.எம்.பி.ஓ. (உச்ச இசை வலு) என்று பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப்படும் எண்ணுக்கு ஒழுங்கான அளவுமுறை எதுவும் கிடையாது. இருந்தும் வாங்குபவர் அதைத்தான் பார்க்கிறார். நமது பெட்டியில் “100 வாற்று” என்றும், அதன் கீழே “40 மீற்றர் வரை பேச்சு விளங்கும்” என்றும் அச்சடிக்கலாம். இரண்டாவது வரியைக் கடைக்காரர் வாசலிலேயே நிரூபித்துக் காட்டலாம் என்பதால், அதுவே விற்கும் என்பது என் கணிப்பு.

எதை விட்டுவிடுவது

1979 ஆடி மாதம் யப்பானில் சொனி கம்பனி வோக்மனை விற்பனைக்கு விட்டபோது, அதன் அடிப்படையாக இருந்தது செய்தியாளர்களுக்கான பிரஸ்மன் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி. அதிலிருந்து பதிவு செய்யும் வசதியையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டு, ஸ்ரீரியோவில் கேட்கும் வசதியை வைத்தார்கள். பதிவு செய்யாத பதிவுக் கருவியை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி அன்று எழுந்தது. வாங்கினார்கள். ஒலிக்கருவியில் ஒரு முகாமையாளரின் மதிப்பு, அவர் சேர்த்த வசதிகளை விட அவர் வேண்டாம் என்று நின்றவற்றிலேயே தெரியும்.

நமது பெட்டியில் அந்தச் சண்டை பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஓசை, பற்றியதாகத்தான் வரும். இளைஞர்கள் நெஞ்சு அதிர வேண்டும் என்பார்கள். ஆனால் தாழ்ந்த மீடிறன்களை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதே மீடிறன்; அதன் அலகு ஹேர்ட்ஸ்) உரக்கத் தருவதற்குப் பெரிய பெட்டியும் கூடிய வலுவும் வேண்டும். பேச்சு விளங்குவதற்கு வேண்டிய மெய்யெழுத்து ஓசைகளோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கின்றன. 40 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டியைப் பேச்சுக்காகச் செய்வது, ஆட்டுக்குட்டியை ஏற்ற லொறி பிடிப்பது போன்றது. நாங்கள் 90 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி வெட்டினோம். இதனால் பாட்டுக்கு இந்தப் பெட்டி சுமார்தான்; அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டையும் நன்றாகச் செய்யும் ஒரே பெட்டி, ஒருவர் தூக்கும் நிறையில், நமது விலையில் இல்லை. கலியாண வீட்டுக்காரர் வேறு பெட்டி வாங்கட்டும்.

புளூடூத் வேண்டுமா என்பதற்குப் போனில் தேசிய கீதமும் பக்திப் பாடலும் போடுவதற்கு வேண்டும் என்பது பதில். ஆனால் இரண்டு பெட்டிகளைப் புளூடூத்தால் இணைத்து மைக் ஒலியை அனுப்பலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது. புளூடூத் ஊடாக ஒலி நூறு மில்லிசெக்கனுக்கு மேல் தாமதிப்பது வழமை. 50 மில்லிசெக்கனைத் தாண்டும் தாமதம் எதிரொலியாகக் காதில் விழத் தொடங்கும். மேடைக்கும் இரண்டாவது பெட்டிக்கும் இடையில் 60 மீற்றர் இருந்தால், நமது வெப்பநிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் வேகத்தில் போகும் ஒலி அங்கே சேர 170 மில்லிசெக்கன் எடுக்கும்; வயரால் போகும் ஒலியோ அங்கே உடனே எழுந்து முந்திவிடும். ஆகவே இரண்டாவது பெட்டியை வயரால் இணைத்து, அதில் தாமதத்தை மீற்றர் கணக்கில் திருகி வைக்கும் குமிழ் ஒன்றைக் கொடுப்பதே சரி. மில்லிசெக்கன் என்று குமிழில் எழுத வேண்டாம். தூரத்தைக் காலடியால் அளக்க எல்லோருக்கும் தெரியும்.

வெயில்

என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் இது. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்காக நான் பார்த்த பெட்டி ஒன்றின் ஆவணத்தில், இயங்கும் வெப்பநிலை பூச்சியத்திலிருந்து 40 பாகை செல்சியஸ் வரை என்று எழுதியிருந்தேன். அது நான் அளந்த எண் அல்ல. பழைய ஆவணம் ஒன்றிலிருந்து எடுத்தது. குளிரூட்டிய அறையில் நடந்த எல்லாச் சோதனைகளிலும் பெட்டி தேறியது. பிறகு கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு விளையாட்டுப் போட்டியில், கறுப்பு நிறப் பெட்டி முற்பகல் முழுவதும் வெயிலில் நின்று, வினோத உடைப் போட்டியின் நடுவில் வெப்பப் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து வாயை மூடிக்கொண்டது. சுற்றில் பிழை இல்லை. அது தன் கடமையைத்தான் செய்தது. காற்றின் வெப்பநிலை 33 பாகையாக இருக்கலாம், ஆனால் நேர் வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டியின் உட்புறம் அதை விட எவ்வளவோ மேலே போகும் என்பதை நான்தான் எழுதத் தவறினேன். அன்றிலிருந்து, தேவை ஆவணத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கே, யாரால் அளக்கப்பட்டது என்ற ஒரு நிரல் வைக்கிறேன். அந்த நிரல் வெறுமையாக இருந்தால் அந்த எண் வதந்திதான்.

வன்னியின் சுற்றாடல் ஒலிக்கருவிக்கு என்ன செய்யும் என்பதைக் காலப்படி எழுதிக்கொள்வது நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதிகளின் தூசி ஸ்பீக்கரின் சுருள் இடைவெளி வரை போகும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று இணைப்பிகளைத் தின்னும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னலோடு மின்கம்பி வழியே உயர் வோல்ற்றளவுப் பாய்ச்சல் வரும். கிராமத்து மின்பாதையின் கடைசி வீட்டில் மாலையில் 230 வோல்ற் என்பது பெயரளவில்தான் இருக்கும். இவற்றுக்குப் பதிலாக, நீர் புகாத பூச்சுப் பூசிய கூம்பு, தூசிக்கும் நீர்த்தெறிப்புக்கும் ஐ.பி. 54 அளவுப் பாதுகாப்பு, 100 முதல் 240 வோல்ற் வரை இயங்கும் மின்வழங்கி, வெளிர் நிறப் பெட்டி என்பவற்றைக் கேட்டோம். வெளிர் நிறத்தை மட்டும் வடிவமைப்பாளர் கடைசிவரை விரும்பவில்லை. தொழில்முறைப் பெட்டி கறுப்பாகத்தான் இருக்கும் என்பது அவரது வாதம். வினோத உடைப் போட்டிக் கதையைச் சொன்னதும் சாம்பல் நிறத்துக்கு இறங்கிவந்தார்.

விலையைப் பின்னோக்கிக் கட்டுதல்

பாகங்களின் விலையைக் கூட்டி, இலாபம் வைத்து, விற்பனை விலை காண்பது புதியவர்கள் செய்யும் வேலை. கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று கூட்டத்தில் கேள்வி எழாமல் எவ்வளவு பணத்துக்கு அனுமதி எடுக்க முடியும் என்பதிலிருந்து தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். அந்தத் தொகை 59,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். 18 சதவீத வற் வரி உள்ளடங்கியதென்றால், வரி போக 50,000. கடைக்காரருக்கு அதில் 20 சதவீதம் கொடுத்தால் 40,000. உத்தரவாதக் காலத் திருத்தத்துக்கு 1,600 ஒதுக்கி, பொதிக்கும் போக்குவரத்துக்கும் 1,400 எடுத்தால் 37,000. குழுவின் சம்பளம், வாடகை, அடுத்த மாதிரிக்கான சேமிப்பு எல்லாமாக 14,000 வேண்டும் என்றால், பாகங்களுக்கும் பொருத்தும் கூலிக்கும் மிஞ்சுவது 23,000 ரூபா. 59,000 ரூபாப் பெட்டிக்குள் இருப்பது 23,000 ரூபாப் பெட்டிதான் என்பதைக் குழு முழுவதும் ஏற்றுக்கொண்ட நாளில்தான் உண்மையான வடிவமைப்புத் தொடங்குகிறது.

இறக்குமதிப் பாகங்களுக்கு டொலரில் விலை வரும். 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியதை நாம் பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் மாற்றுப் பாகம் ஒன்றை முன்கூட்டியே சோதித்து வைத்திருப்பது முகாமையாளரின் காப்புறுதி. பெட்டியின் உடலைப் பிளாஸ்ரிக்கில் வார்க்க அச்சு செய்வதற்கு மட்டும் பெருந்தொகை போகும்; சில நூறு பெட்டிகளுக்கு அது கட்டாது. 15 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஊர்த் தச்சர் செய்யும் பெட்டி அதிர்வைக் கட்டுப்படுத்துவதிலும் மெல்லிய பிளாஸ்ரிக்கை விட நல்லது. உடைந்தால் ஊரிலேயே திருத்தலாம்.

மாதிரிகளும் செவிச் சோதனையும்

உலகெங்கும் மூன்று கட்ட மாதிரிகள் வழக்கம்: சுற்றும் ஸ்பீக்கரும் இணைந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறியியல் மாதிரி, இறுதி உடலுடன் வரும் வடிவமைப்பு மாதிரி, விற்பனைக்குரிய அதே கைகளால் அதே வரிசையில் செய்யப்படும் உற்பத்தி மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னரே, எது நடந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கட்டம் முடிந்த பிறகு எழுதினால் மனம் சாக்குச் சொல்லும்.

செவிச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாதிரிகளில் சற்று உரத்துக் கேட்பதையே மனிதக் காது நல்லது என்று சொல்லும். வித்தியாசம் ஒரு டெசிபெல்லாக இருந்தாலும் போதும். ஆகவே இரண்டின் ஒலியளவையும் கருவியால் அளந்து சமன்செய்து, திரைக்குப் பின்னால் வைத்து, எது எது என்று தெரியாமல் கேட்கச் செய்ய வேண்டும். கேட்பவர்களில் குழுவினர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. முதியவர்களும், யுத்தத்தில் செவிப்புலன் பாதிக்கப்பட்டவர்களும் அங்கே இருக்க வேண்டும், ஏனெனில் கூட்டத்தில் அவர்களும் இருப்பார்கள். எது இனிமை என்று கேட்காமல், ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் கலந்த ஒரு பட்டியலை வாசித்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். மாங்குளம் மருதங்குளமாகவும், முறிகண்டி முரசுமோட்டையாகவும் மாறும் இடத்தில் பெட்டியின் குறை தெரியும். கருவிச் சோதனைகளில் ஐ.இ.சி. 60268-5 நியமத்தின் 100 மணித்தியால இரைச்சல் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஸ்பீக்கர் விற்பவர் சொல்லும் வாற்றை நம்புவதா என்பது அதில் தெரிந்துவிடும்.

உற்பத்தி மாதிரிகளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கையெழுத்திட்டு முத்திரை ஒட்டிப் பூட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் பெட்டி வேறு மாதிரிக் கேட்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒப்பிடுவதற்கு அதுதான் சாட்சி.

சட்டப் பக்கம் சுருக்கமானது, ஆனால் பிந்தக் கூடாது. புளூடூத்தோ கம்பியில்லா மைக்கோ இருந்தால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் வேண்டும். 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வைக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பாவிப்பவரின் பொறுப்பு இது என்று தட்டிக்கழிக்காமல், ஒலி கூட்டத்தை நோக்கியே போகவும் அயல் வீடுகளுக்குப் பரவாமலும் இருக்கும்படி ஹோர்ணின் கோணத்தைத் தெரிவதும் நமது பொருளின் ஒரு பகுதி.

விற்ற பிறகு

முதல் ஐம்பது பெட்டிகள் வெளியே போனதும் உங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கும். திருத்த வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது திருத்துநரின் பக்கத்தில் நில்லுங்கள். “வேலை செய்யவில்லை” என்று வாடிக்கையாளர் சொன்னதையும், திறந்தபோது கண்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் கொப்பியில் நாங்கள் கணக்கிலெடுக்காத ஒரு சொல் அடிக்கடி வரத் தொடங்கியது: எறும்பு. பெட்டியின் முன்புறக் காற்றுத்துளை வழியே உள்ளே போய், சூடான மின்வழங்கியின் பக்கத்தில் கூடு கட்டியிருந்தன. துளைக்குப் பின்னால் மெல்லிய கம்பிவலை போட வேண்டும் என்றேன். துளையில் காற்றோட்டம் தடைப்பட்டால் தாழ்மீடிறன் ஒலி குறையும் என்று ஒலியியல் பொறியியலாளர் மறுத்தார். அவர் சொன்னது சரி. இரண்டு வகை வலையை வாங்கி, போட்டும் போடாமலும் அளந்தோம். அகன்ற கண் வலையில் எறும்பு போனது. நுண்ணிய வலையில் 110 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி கொஞ்சம் இறங்கியது. பேச்சுக்கான பெட்டி என்று முதல் நாளே தீர்மானித்திருந்ததால் விவாதம் நீளவில்லை. நுண்ணிய வலை போட்டு அடுத்த தொகுதி போனது.